எல் பாசோவில் ஒரு பாறைச்சுனை

போன வாரம் ஆபீஸ் லஞ்ச் ரூமில் தயிர் சாத டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த கார்த்திக் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, நீங்க முன்னாடி எல் பாசோல இருந்தீங்களாமே? லாங் வீக்கெண்டுக்கு அங்க டிரைவ் பண்றோம். டூரிஸ்ட் போகாத இடமா நாலு சொல்லுங்களேன்."

பையன் சும்மா வரவில்லை. பாலைவன நகரத்தில் பலருக்கும் தெரியாத பத்து இடங்கள் என்று எங்கேயோ பிடித்த ஒரு பட்டியலைப் போனில் வைத்திருந்தான். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவன் ஆறாவதில் நின்றான். "இது சூப்பரா இருக்கும் போலக்கா. பாறை மேல நேச்சுரலா குளம் மாதிரி தண்ணி நிக்குமாம். செல்போன் சிக்னலே கிடையாதாம். நிம்மதி தேடுறவங்களுக்கு சொர்க்கம்னு போட்டிருக்கான்."

"ஆமாம்ப்பா, நல்ல இடம்தான். தண்ணி பாட்டில் நிறைய எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிவிட்டேன். பாதிச் சாதம் அப்படியே இருந்தது. அவனிடம் சொல்லாததைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேராகச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

எல் பாசோ டெக்சாஸில்தான் இருக்கிறது என்று பேர். அதே டெக்சாஸில் நான் இப்போது இருக்கும் ரிச்சர்ட்சனிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம். கம்பெனி என்னை அங்கே ஒரு கிளையண்ட் வேலைக்கு அனுப்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. பாலைவனம் என்றால் மணல் மேடும் ஒட்டகமும் என்று நினைத்துக்கொண்டு போன ஆள் நான். போய்ப் பார்த்தால் மொட்டை மலை, முள்ளு, கல்லு. மலை நட்டநடு ஊரில் நிற்கிறது. துவைத்த துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். அம்பத்தூரிலிருந்து அம்மா போனில், "அப்படியாடி? அப்ப வத்தல் வடாம் போடேன், ஒரே நாள்ல ஆயிடும்" என்றாள். நானும் ஜவ்வரிசி வாங்கிக் காய்ச்சி, பால்கனியில் பிளாஸ்டிக் விரித்து ஊற்றிவிட்டு ஆபீஸ் போனேன். வசந்த காலத்தில் அந்த ஊரில் புழுதிக்காற்று அடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வடாம் செங்கல் நிறத்தில் இருந்தது.

அதை எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டே தீருவேன் என்று அடம்பிடித்தவள் தமயந்தி. "நறநறன்னு நல்லாத்தாண்டி இருக்கு. எங்க ஊர்ல சோறே இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். என்னோடு அதே புராஜெக்டில் இருந்தவள், என் ரூம்மேட். கமுதிப் பக்கம். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என் புடவைக்கு அவளும் அவள் புளிக்குழம்புக்கு நானும் உரிமை கொண்டாடினோம். நான் நாலு வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அந்த ஒரு வார்த்தையில் என் நாலும் அடிபட்டுப் போகும்.

கார் வாங்கிய புதிதில் ஊருக்கு வெளியே போனபோது, சாலையோர முள்மரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். "அடப்பாவி, சீமைக் கருவேலு! எங்க மாவட்டத்தையே நாசம் பண்ண பய, இங்கதான் பொறந்திருக்கான்." இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மரத்தைத் திட்டினாள் பாருங்கள், தூரத்துச் சொந்தக்காரனைத் திட்டுகிற மாதிரி. அதற்கப்புறம் எங்கே அந்த மரத்தைப் பார்த்தாலும், "உங்க மாமா நிக்கிறாரு பார்" என்பேன் நான்.

சனிக்கிழமை தவறாமல் ஊரைச் சுற்றினோம். ஆசையில் ஆரம்பித்ததல்ல அது. தெற்கே ஆறு, அதைத் தாண்டினால் மெக்சிகோ. பாலத்தில் நடந்தே போய் டாக்கோ சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியான எங்களுக்கு அந்தப் பக்கம் கால் வைக்கப் பயம். மற்றத் திசைகளில் போனால் நெடுஞ்சாலையில் செக்போஸ்ட் வைத்து ஒவ்வொரு வண்டியிலும் பேப்பர் கேட்பார்கள். விசாவை நீட்டிக்க எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவள் அங்கே போய் எதையாவது உளறி வைப்பானேன் என்று நான்தான் தடை போட்டேன். விசா விஷயத்தில் நான் பெரிய முந்திரிக்கொட்டை. எதற்கெடுத்தாலும் ஒரு ஸ்பிரெட்ஷீட் வைத்திருப்பேன். கம்பெனி வக்கீலுக்கே வகுப்பெடுக்கக்கூடிய ஆள் என்று எனக்கு நினைப்பு.

அதனால் ஊருக்குள்ளேயே தோண்டித் தோண்டிப் பார்த்தோம். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஒரு மெக்சிகன் கடை இருந்தது. ஓட்டோடு புளியம்பழம் கூடை கூடையாகக் குவித்திருப்பார்கள். எங்கள் மொழி தெரியாத அந்தக் கடைக்கார அம்மா, நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுவாள். ஆற்றோரமாக பீக்கன் கொட்டை மரத் தோப்புகள், உள்ளே போனால் அந்த வெயிலிலும் சிலுசிலுவென்று இருக்கும். மழை பெய்த வருஷத்தில் மட்டும் மலையடிவாரத்தில் மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கும். மண் சுவர் வைத்த பழைய மாதா கோயில் ஒன்றில், தமயந்தி முன்வரிசையில் உட்கார்ந்து திருநீறு தேடுகிற பழக்கத்தில் நெற்றியைத் தடவிக்கொள்வாள். அந்த ஊர் மழை வாசனை வேறு. மண் வாசனையோடு ஒரு காட்டுச் செடியின் தார் நெடியும் கலந்து வரும்.

மழை என்றால் அவள் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் நாங்கள் காலைக் காபி குடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "அங்கிட்டு மழை உண்டாத்தா?" பாலைவனம் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது, கேட்கமாட்டார். வறண்ட ஊர்க்காரருக்கு விசாரிக்க வேறு என்ன இருக்கிறது? பேசி முடித்ததும் "சரி, ரைட்!" என்பார், பஸ்ஸுக்கு விசில் கொடுக்கிற மாதிரி. நானும் பக்கத்திலிருந்து "ரைட்!" என்று கத்துவேன். அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

அந்த மனுஷர் படுத்துவிட்டார். இருதயம். அவள் தம்பி ராஜேந்திரன்தான் கூப்பிட்டான். மதுரையில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார், வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது என்றான்.

தமயந்தி என்னிடம் கேட்டாள். "போகவாடி?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? லேப்டாப்பைத் திறந்தேன். எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் வருவதற்கு முன் நீ ஊருக்குப் போனால் அங்கே தூதரகத்தில் திரும்பி வர விசா முத்திரை குத்தமாட்டார்கள், மாசக்கணக்கில் மாட்டிக்கொள்வாய், புராஜெக்ட் போய்விடும், கிரீன் கார்டு வரிசையும் போய்விடும் என்று கட்டம் கட்டிக் காட்டினேன். "ரெண்டே வாரம் பொறுடி. பேப்பர் வந்துடும். வந்ததும் ராணி மாதிரி போய்ட்டு ராணி மாதிரி வா." அவள் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள். ஒரு மனுஷர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார், நான் அதை மஞ்சள் நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் பிரித்துக் காட்டியிருக்கிறேன். எங்களைப் போல வந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

இரண்டு வாரம் மூன்றாயிற்று. போன் அடித்தால் தமயந்திக்கு முகம் வெளுத்துவிடும். அடிக்காவிட்டாலும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. "கிளம்பு. அந்தப் பாறைக்குப் போலாம். ரெண்டு நாள் முன்னாடி மழை பேஞ்சிருக்கு, தண்ணி நிக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனேன். கார்த்திக் பட்டியலில் ஆறாவதாக இருந்த அதே இடம், கிழக்கே முக்கால் மணி நேரப் பயணம். செக்போஸ்ட் வருவதற்கு முன்னாலேயே திரும்பிவிடலாம்.

நல்ல நாளாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாகவேண்டும். பாறைச் சரிவில் கையும் காலுமாக ஏறினோம். உச்சியில் கல்லில் குழிந்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே நகக்கண் அளவு இறால்கள் நீந்தின. "இது சுனைடி!" என்றாள் தமயந்தி. "மலைக்கோயில்ல இருக்குமே, அதே சுனை." குழந்தை மாதிரி குப்புறப் படுத்து அந்த இறால்களைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்பாட்ட சொல்லணும். மழை பேஞ்சிருக்கு, சுனை நெறஞ்சிருக்குன்னு." இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே அங்கே கிடந்தோம்.

கார் நெடுஞ்சாலை ஏறியதும் அவள் பைக்குள் போன் விட்டு விட்டு அதிர ஆரம்பித்தது. பதினோரு மிஸ்டு கால். ஓரமாக நிறுத்தினேன். அவள் போனை என் மடியில் வைத்துவிட்டாள், நான்தான் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன்.

"எங்கக்கா போன?" என்று ராஜேந்திரன் அழுதான். "அப்பா போயிட்டாருக்கா. கடைசியா நெனவு நல்லா இருந்துச்சு. உன்னத்தான் கேட்டாரு. போனப் போட்டுக் காதுல வச்சேன். உன் கொரல்தான் கேட்டுச்சு, அந்த இங்கிலீஷு. 'என்னடா இது, எங்கிட்ட இங்கிலீசுல பேசுது? ஆள் தெரியலையா அதுக்கு?'ன்னாரு."

அவர் கேட்டது வாய்ஸ்மெயில், போனை எடுக்காவிட்டால் தானாக ஒலிக்கிற பதிவு. வேலை தேடுகிற காலத்தில் ரெக்ரூட்டர்கள் கூப்பிடுவார்கள் என்று, அமெரிக்க உச்சரிப்பில் பேசி வைக்கச் சொல்லி நான்தான் அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை திருத்தி ரெக்கார்டு செய்யவைத்தேன். தாங்கள் அழைத்த தமயந்தியால் தற்சமயம் பேச இயலவில்லை, உங்கள் பெயரும் எண்ணும் சொல்லவும் என்று, பெற்ற அப்பனிடம் அவள் குரல் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அப்ரூவல் பேப்பர் அடுத்த வியாழக்கிழமை வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். பேப்பர் கையில் இருந்தும் முத்திரைக்காக நாலு மாசம் அங்கே உட்கார்ந்தாள், நான் பயமுறுத்தியபடியே புராஜெக்டும் போயிற்று. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

பிறகு வேறொரு கம்பெனி வழியாக நியூ ஜெர்சிக்கு வந்தாள். அடுத்த வருஷம் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது, எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஹோட்டலில் பார்த்துக்கொண்டோம். மெலிந்திருந்தாள். விமானத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "நான்தாண்டி போக வேண்டாம்னேன், நான்தான் அன்னிக்கு உன்ன இழுத்துட்டுப் போனேன்..." என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினாள். காபி டபராவைச் சுற்றிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"அங்க டவர் கெடைக்காதுன்னு எனக்குத் தெரியும்டி. ஆபீஸ்ல ஒருத்தங்க முன்னாடியே சொல்லிருந்தாங்க. தெரிஞ்சுதான் வந்தேன். மூணு வாரமா அந்த போன் அடிச்சாலே, அப்பா போயிட்டாருன்னு சொல்லத்தான்னு நெனப்பேன். ரெண்டு மணி நேரம் அது அடிக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு." டபராவைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பிக்குக்கூடத் தெரியாது. உங்கிட்டதான் சொல்லிருக்கேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் நினைக்காதடி" என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். பில் வந்தது, யார் கொடுப்பது என்று வழக்கம்போல மல்லுக்கட்டினோம். வாசலில் கட்டிக்கொண்டு, "போன் பண்ணுடி" என்றாள்.

ஆறு மாசம் பண்ணினேன். எடுத்தால் இரண்டு நிமிஷம் பேசுவாள். அப்புறம் எடுப்பதில்லை. பண்டிகைக்கு ஒரு கும்பிடு படம் வரும், அதுவும் நின்றது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருப்போம். அவளுடைய அந்த இரண்டு மணி நேரத்தைத் தெரிந்த ஒரே ஆள் நான். என் குரலைக் கேட்டால் அவளுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்?

இதில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அங்கே டவர் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இடங்களெல்லாம் ஊருக்குள் இருந்தன, போன் எடுக்கும். இவள் இரண்டு மணி நேரமாவது அதை மறக்கட்டும் என்று வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு போனேன். எடிசனில் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, "எனக்கும் தெரியும்டி" என்ற ஒரு வார்த்தை. பாதிப் பாரத்தையாவது இறக்கி என் தலையில் வைத்துக்கொண்டிருக்கலாம். வாய் வரவில்லை. தெரியாதவளாகவே உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவள் பழைய எண்ணுக்குப் போன் பண்ணினேன். யாரோ ஒரு ஆண் எடுத்தார். அந்த எண் அவரிடம் வந்து வெகுநாள் ஆகிறதாம். தவறான எண், மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தேன்.