கரை தெரியுதுங்களா?

ஓசூர் பக்கத்து ஏரியில் இருக்கும் படகு கிளப்புக்கு லைவ் கேமரா மாட்டிக் கொடுத்தது நான்தான். பெங்களூர்க்காரர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வரட்டும் என்று கிளப் செயலாளருக்கு ஆசை. ஆனால் படம் அடிக்கடி நின்றுபோகும். செயலாளர் கூப்பிட்டதும், மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். லைவைப் பார்ப்பதோ எப்போதும் ஒரே ஒருவர். இதற்கா இவ்வளவு பாடு என்று எரிச்சலாக வரும்.

அன்று கேபிளை மாற்றியதும் படம் நிற்காமல் ஓடியது. அழகாகத் தெரியட்டுமே என்று, படகுத்துறையைக் காட்டிக்கொண்டிருந்த கேமராவை நடு ஏரிக்குத் திருப்பினேன். சற்று நேரத்தில், லைவ் பக்கத்தில் போட்டிருந்த என் நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டார். கன்னடம் கலந்த தமிழ்.

“அண்ணா, கரை தெரியலையே. போட் ஓட்டுற நாகராஜ் என் வீட்டுக்காரர். தண்ணின்னா எனக்கு பயம். அவர் கரைக்கு வந்தத பாத்தாதான் கையில வேலை ஓடும். அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா, சிரிப்பாரு.”

மறுபடி ஏணியில் ஏறிக் கேமராவைப் பழையபடி திருப்பினேன். இறங்கும்போது நாகராஜ் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், இப்ப கரை தெரியுதுங்களா?”

“தெரியுது. ஏன் கேக்குறீங்க?”

“வீட்ல பாத்துட்டு இருப்பா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா கூச்சப்படுவா.”

சொல்லிவிட்டு, கேமராவுக்கு நேராக நின்று துண்டால் மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வேலைக்கு நடுவே நானும் அந்த லைவைத் திறந்து பார்க்கிறேன். பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்று காட்டும். படம் நின்றால், செயலாளர் கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை.