சுவத்துக்குள்ள போன ஸ்பீக்கர் ஒயர்

வாங்க கண்ணுங்களா, எல்லாரும் எப்படி இருக்கீங்க? நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா, இல்ல போனும் கையுமாவே கிடக்குறீங்களா? சரி சரி, கேளுங்க. இது நான் ஜோடிச்ச கதை இல்ல. என் சின்ன மருமகனுக்குப் பட்டப்பகல்ல நடந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னா காது செவந்துரும். இதச் சொன்னப்ப மூஞ்சில ரத்தமே இல்ல.

புதுசா குடிபோன வீடு. மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுரு. டிவிக்குக் கீழ ஆம்ப்ளிஃபையர் வச்சாச்சு. எதிர்ல சோபாவுக்குப் பின்னாடி வலதுல ஒரு ஸ்பீக்கர், இடதுல ஒரு ஸ்பீக்கர். வலதுக்கு ஒயர் எட்டிருச்சு. இடதுக்கு எட்டல.

"அளந்து வாங்க மாட்டீங்களா?"ன்னா என் மக, சோபாவுல சாஞ்சுக்கிட்டு. அவளுக்கு அப்ப ஏழாம் மாசம்.

"கண்ணாலயே அளந்தேன்."

"அதே கண்ணாலதான் இந்த சோபாவையும் வாங்குனீங்க. ஒருத்தி உக்காந்தாலே நெறஞ்சிருது."

"அது சோபா தப்பில்ல தாயே."

தலகாணி பறந்து வந்துச்சு. குனிஞ்சவர் கண்ணுல அது பட்டுச்சு. இடது பக்கத்துச் சுவத்துல, டிவி பக்கமா, தரையோரம் ஒரு ஓட்டை. அதுல பழைய ஸ்பீக்கர் ஒயர் நுனி. சோபா பக்கமும் அதே மாதிரி ஓட்டை, அதே மாதிரி நுனி. முன்னாடி இருந்தவங்க சுவத்துக்குள்ளயே ஒயர் விட்டிருக்காங்கன்னு நெனச்சார். நடுவுல அது எப்படிப் போகுதுன்னு பாக்கல. யாருதான் பாப்பாங்க?

பிளேடால தோலை உரிச்சு, செவப்புக் கோடு போட்ட கம்பியை செவப்புக் கோட்டோட முறுக்கி, டேப் சுத்தினார். டிவி பக்கம் ஒண்ணு, சோபா பக்கம் ஒண்ணு, ரெண்டு ஒட்டு. சரியா இருக்கான்னு பாக்க டிவி பக்கத்து நுனியில சின்ன பேட்டரியைத் தொட வச்சார். ஸ்பீக்கர்ல 'டொக்'.

"வருது"ன்னா அவ.

பேட்டரியைக் கீழ வச்சார்.

டொக்.

"போதுங்க, கேட்டுச்சு."

"நான் தொடவே இல்லியே..."

டொக்... டொக்...

ஒயர்ல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டு, ஆம்ப்ளிஃபையர்ல மாட்டினார். பாட்டு அருமையா வந்துச்சு. ஒரு பாட்டு முடிஞ்சு அணைச்சார். வலது ஸ்பீக்கர் நின்னுச்சு.

இடது நிக்கல.

பளார்னு ஒரு அறை. அப்புறம் இன்னொண்ணு. வாயைப் பொத்தி அடிச்சா ஒரு முனகல் வருமே... அது.

"என்ன கருமம் படம் போட்டிருக்கீங்க?"

மாப்பிள்ளை பிளக்கையே புடுங்கினார். சத்தம் கூடுச்சு.

"நான் கழட்டுறேன் இருங்க"ன்னு அவ கைய நீட்டி ஒயரைத் தொட்டா.

ஒயர் சுவத்துக்குள்ள போக ஆரம்பிச்சுச்சு.

சர்ர்ர்...

ஸ்பீக்கர் சரிஞ்சு அவ தோள்ல விழுந்துச்சு. ஒயர் அவ கழுத்துல... எப்படிச் சுத்துச்சுன்னு இன்னிக்கும் ரெண்டு பேருக்கும் தெரியல. ரெண்டு சுத்து.

இழுத்துச்சு.

வயித்தைப் புடிச்சுக்கிட்டே அவ தரையில விழுந்தா. தல சுவத்துல மோதுச்சு. டொம். திரும்ப டொம். யாரோ முடியைப் புடிச்சு மோதுற மாதிரி.

மாப்பிள்ளை ஒயருக்கும் கழுத்துக்கும் நடுவுல விரலை விட்டார். எலும்பு வரைக்கும் அறுத்துச்சு. கையால முறுக்கின ஒட்டு அது, வெடுக்குன்னு இழுத்தா கழண்டு வரணும்.

கழலல.

அவ மூஞ்சி நீலமாச்சு.

கட்டிங் பிளேயரை எடுத்தார். ரத்தத்துல வழுக்குச்சு. திரும்ப வச்சார். அமுக்கினார்.

பட்!

மிச்ச ஒயர் ஓட்டைக்குள்ள ஓடிருச்சு.

அவ மூச்சு விட்டா.

தரையில கெடந்த ஸ்பீக்கரும் விட்டுச்சு. வேல பாத்துக் களைச்சவன் மாதிரி... ஹா... ஹா...

சுத்தியலால அதை நொறுக்கினார். நொறுங்குற வரைக்கும் மூச்சு நிக்கல.

ஆஸ்பத்திரியில தாயையும் புள்ளையையும் காப்பாத்திட்டாங்க. என் மக குரல் மட்டும் இன்னும் கரகரன்னுதான் இருக்கு. அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிட்டாங்க.

அப்புறம் வீட்டு ஓனர் கொத்தனாரைக் கூட்டி வந்து சுவத்தை ஒடைச்சாரு. கொத்தனாரே மாப்பிள்ளைக்கு போன் போட்டுச் சொன்னாராம்.

"சார், டிவி பக்கத்து ஒயர் உள்ள ஒரு சாண்தான் போகுது. சோபா பக்கத்து ஒயரும் அவ்வளவுதான், சுருண்டு கெடக்கு. நடுவுல கெட்டிச் செங்கல். ஊசி போக வழியில்ல."

"அப்ப பாட்டு எப்படிங்க வந்துச்சு?"

"அது தெரியாது சார். ஆனா உள்ளாற இருக்குற ரெண்டு நுனியையும் பல்லால கடிச்சுத் தோல் உரிச்சிருக்கு. பல் தடம் அப்படியே தெரியுது. பழைய கம்பின்னா கறுத்திருக்கணும்ல? பளபளன்னு இருக்கு. எச்சி ஈரம்கூடக் காயல."

அதுக்கு மேல எனக்கும் தெரியாது கண்ணுங்களா. உங்க வீட்டுச் சுவத்துல இப்படி ஒயர் நுனி நீட்டிக்கிட்டு இருந்து, அதுல எதாச்சும் கேட்டிருந்தா எனக்கு எழுதுங்க. தொட்டுப் பாக்காம எழுதுங்க.