சம்பந்தியம்மாவிடம் பேச ஒரு பள்ளிக்கூடம்

என் மகளின் கல்யாணத்துக்காகக் கொலம்பியாவிலிருந்து வந்த சம்பந்தியம்மா பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்தப் பத்து நாளும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். வேறு வழியில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஸ்பானிஷைத் தவிர வேறெதுவும் தெரியாது. காப்பி கொடுக்கும்போது சிரிப்போம். கூடத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் சிரிப்போம். படுக்கப் போகும்போது எனக்குக் கன்னம் வலிக்கும்.

மகள் அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஆங்கிலம் படிக்க அங்கே வந்து, பிறகு வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டவர்தான் மாப்பிள்ளை. எங்கள் வீடு அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அடுக்களை முழுக்கப் பெண்கள். தேங்காய் திருவுகிறவர்கள், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கிறவர்கள், ஒன்றும் செய்யாமல் பேச்சு மட்டும் கொடுக்கிறவர்கள். நான் ஏதோ பாத்திரம் எடுக்க உள்ளே வந்து திரும்பினால் கதவோரம் சம்பந்தியம்மா நிற்கிறார். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னாச்சு?" என்று தமிழில்தான் கேட்டேன். அவர் பதில் சொன்னார், அவருடைய மொழியில். கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்த மகளைக் கூப்பிட்டு, அவள் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றுமில்லை என்று மகளிடம் சொன்னாராம்.

ஒன்றுமில்லாமல் ஒருத்தி அழுவாளா? கணவர் இல்லாதவர், ஒரே மகன், தெரியாத ஊர். மகன் கை விட்டுப் போகிறான் என்ற துக்கமாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். ஆனாலும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் வீட்டில் வைத்து அழுதிருக்கிறார், நமக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு போனில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் ஆப் ஒன்றை இறக்கினேன். மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, 'பையன் ஆப்பிள் தின்கிறான், பெண் பால் குடிக்கிறாள்' என்று மாதக்கணக்கில் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியம் வந்தது. வீடியோ காலில், அன்றைக்கு எங்கள் அடுக்களையில் ஏன் அழுதீர்கள் என்று ஸ்பானிஷில் கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தயார் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், அருவி மாதிரி. எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: மகன், வீடு, இல்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு சொல்லை மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடியும் வேகமெடுத்தார். நான் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு போனை வைத்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன், ஸ்பானிஷ் பேசுகிற ஊரிலேயே போய்த் தங்கிப் படிக்கப்போகிறேன் என்று.

"ஏட்டி, தமிழும் மலையாளமும் இங்கிலீசும் போராதா ஒனக்கு? மருமவன் இங்கிலீசு பேசுதான்லா?"

"அவனுக்க அம்மைக்கு இங்கிலீசு தெரியாதே."

"போன்ல படிக்கியே, அப்படியே படிச்சாப் போராதா?"

"போன்ல படிச்சதுதான் அவிய பேசும்போ ஒண்ணும் வெளங்கலியே."

அவர் கொஞ்ச நேரம் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். "செரி, எவ்வளவு ஆவும்?" என்றார். அது சம்மதம்தான் என்று எனக்குத் தெரியும்.

எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வியே. ஸ்பானிஷ் என்றதும் ஸ்பெயின்தானே நினைவுக்கு வரும்? அங்கே பழைய பல்கலைக்கழக ஊர்களில் இதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. படங்களைப் பார்த்தாலே போகத் தோன்றும். ஆனால் வளையல் மாற்றுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த பணத்தில், பயணச் செலவு போக, அங்கே பத்து நாள்தான் தங்க முடியும். பத்து நாளில் வணக்கம் சொல்லப் படிக்கலாம். மெக்சிகோ பார்த்தேன். குவாதமாலா பார்த்தேன். அங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு குடும்பத்தோடு தங்கவைக்கிறார்கள், கட்டணமும் கைக்கு அடக்கம். ஏறக்குறைய அதையே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. விமான டிக்கெட்டின் விலை ஒரு வாரம் தங்கினாலும் ஒன்றுதான், ஒரு மாதம் தங்கினாலும் ஒன்றுதான். அப்படியானால் நாள்செலவு குறைந்த ஊராகப் பார்த்துக் கூடுதல் நாள் தங்குவதுதான் லாபம்.

மாப்பிள்ளையிடம் யோசனை கேட்டேன். அவர் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆங்கிலம்.

"மாமி, நான் அயர்லாந்தில் முதலில் சேர்ந்தது மலிவான பள்ளி. நல்ல பள்ளியும்கூட. ஆனால் தங்கிய வீட்டில் நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் கொலம்பியாக்காரர்கள். நாலு மாதம் கழித்தும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை, சமையல்தான் வந்தது. பிறகு ஒரு ஐரிஷ் கிழவரின் வீட்டு மாடிக்கு மாறினேன். அங்கேதான் பேச வந்தது."

எனக்குச் சட்டென்று திருவனந்தபுரம் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. நான் சுசீந்திரத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது மலையாளம் சுத்தமாகத் தெரியாது. அறையில் கூட இருந்தவள் நாகர்கோவில் பெண். ராவும் பகலும் தமிழ்தான். அவள் வேலையை விட்டுப் போய், அந்தக் கட்டிலுக்குக் கோட்டயத்துக்காரி ஒருத்தி வந்தாள். என் தமிழை அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். ஓணம் வருவதற்குள் நான் மலையாளத்தில் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"கொலம்பியாவுக்கே வாங்க மாமி. எங்கள் மலைப்பக்கத்தில் விலை குறைவு, பேச்சும் தெளிவாக இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. குவாதமாலாவை விட்டுவிட்டேன்.

கொலம்பியாவில் மூன்று பள்ளிகள் தேறின. மூன்றிலும் ஒரு வகுப்பை இணையத்தில் இலவசமாக எடுத்துக்காட்டுவதாகச் சொன்னார்கள். நேர வித்தியாசத்தால் இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தோட்டத்தில் நடமாடுகிற நேரத்தில் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலாவது தலைநகரில் இருந்த பெரிய பள்ளி. ஆசிரியர் அன்பான இளைஞர். நான் எங்கே தடுக்கினாலும் உடனே ஆங்கிலத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வகுப்பு முடிந்தபோது நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலமாக இருந்தது. இரண்டாவது, சுற்றுலாக்காரர்கள் குவிகிற மலை ஊர். நடன வகுப்பு, குதிரைச் சவாரி, அருவிக்குப் போவது என்று எல்லாம் வைத்திருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி.

மூன்றாவது, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறைதான் பள்ளிக்கூடம். ஒரு பெண்ணும் அவருடைய தம்பியும் நடத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வராத ஊர் என்பதால் கட்டணம் மற்றவற்றில் பாதிக்குப் பக்கம். வகுப்பெடுத்த அந்த அக்கா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. தெரியாதாம். நான் திணறினால் எதையாவது தூக்கிக் காட்டுவார், எழுந்து நடந்து காட்டுவார். என்ன வேலை என்று கேட்டார். எனக்குச் சொல் வரவில்லை. கையை மடித்து, ஊசி குத்தி உறிஞ்சுவதுபோல் நடித்தேன். "சாங்ரே!" என்று கத்தினார். ரத்தம். அந்தச் சொல் இனி எனக்கு மறக்காது.

எதற்காக ஸ்பானிஷ் என்று கேட்டார். என் மகள், அவள் கணவன், அந்தக் கணவனின் அம்மா என்று விரல்களை வைத்து ஒரு குடும்பத்தையே நடத்திக் காட்டினேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து, "கொன்சுவேக்ரா" என்றார்.

சம்பந்தியம்மா! அதற்கு ஸ்பானிஷில் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எத்தனை முறை சுற்றி வளைத்திருப்பேன், மகளுடைய கணவனுடைய அம்மா என்று. இவர்களும் நம்மைப்போல இந்த உறவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வகுப்பு முடிவதற்குள் அந்தப் பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் சம்பந்தியம்மா காதுக்குப் போனது. அவருக்கு வருத்தம். அந்த ஊரிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் அவர் வீடு. என் வீடு இருக்கும்போது யாரோ ஒருவர் வீட்டில் காசு கொடுத்துத் தங்குவதா என்று மகனிடம் கேட்டிருக்கிறார். கேட்பார்தானே, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

மகள் சொன்னாள், "அம்மா, அவிய வீட்டுக்குப் போனா ஒன்ன ஒக்காரவச்சுச் சோறு போடுவாவ. நீ என்ன தப்பாப் பேசுனாலும் நல்லாப் பேசுதன்னு சொல்லுவாவ. ஒருத்தரும் திருத்த மாட்டாவ."

"அத அவியகிட்ட எப்படி மக்கா சொல்லுவேன்?"

"நீயே சொல்லு. நான் சொன்னா செரியாவாது."

மூன்று வாரம் பள்ளி, நாலாவது வாரம் சம்பந்தியம்மா வீடு என்று பிரித்துக்கொண்டேன். அவரைப் போனில் கூப்பிட்டு, "உன் வீட்டுக்குப் பேசிக்கொண்டே வந்து சேர ஆசை" என்று என் ஸ்பானிஷில் சொன்னேன். அவர் அதை ஒரு தடவை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "புவேனோ" என்றார். நல்லது, அப்படியே ஆகட்டும்.

'உன்' என்று நான் சொன்னது தப்பு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆப்பில் கற்றது அது. அந்த மலைப்பக்கத்தில் புருஷன் பெண்சாதிக்குள்கூட 'நீங்கள்'தான். நான் தங்கியிருந்த வீட்டுத் தையற்காரப் பெண் தன் நாயையே, "நீங்கள் கட்டிலிலிருந்து இறங்குகிறீர்களா இல்லையா?" என்றுதான் அதட்டுவார்.

விசா இழுத்தடித்துத்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத ஒரு மாத லீவு கேட்டு வாங்கினேன். இரணியலில் இருக்கிற என் நாத்தனார், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டுவிட்டு, வழிக்கு ஒரு பெரிய டப்பா முறுக்கு சுட்டுத் தந்தார். என் கணவர் விமான நிலையத்தில், "வழி தெரியலன்னா ஆரிட்டயாவது கேளு, கேட்டியா. அதுக்குத்தான போற" என்றார்.

முதல் வாரம் கொடுமை. ஐம்பது தாண்டிய ஒருத்தி, லேபில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள், தண்ணீர் சுடவில்லை என்று சொல்லத் தெரியாமல் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். சாயங்காலமானால் தலை வலிக்கும். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ரொட்டிக் கடைக்காரர் யாரையோ கேலி செய்து சொன்னதற்கு நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் எனக்குப் புரிந்திருக்கிறது என்பதே உறைத்தது. மாடிப்படியில் நின்று அதை நினைத்து இன்னொரு முறை சிரித்தேன்.

நாலாவது வாரம் சம்பந்தியம்மாவின் வீட்டில், அவரும் நானும் யூக்கா தோலுரித்துக்கொண்டிருந்தோம். நம் மரச்சீனியேதான். அப்போது மறுபடியும் கேட்டேன், அன்றைக்கு எங்கள் அடுக்களையில் ஏன் அழுதீர்கள் என்று.

"போனில் சொன்னேனே?"

"எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி நடித்தேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார். அன்றைக்கு நீங்கள் அடுக்களைக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் வீட்டுப் பெண்கள் என் மகனை அங்கே பிடித்து உட்காரவைத்துத் தேங்காய் திருவச் சொன்னார்கள். அவனுக்குத் தெரியவில்லை, எல்லாரும் கேலி செய்தார்கள், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. இவனுக்கு இங்கே ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று தோன்றியது. அதனால்தான்.

சந்தோஷத்தில் அழுதிருக்கிறார். நான் இத்தனை காலமும் அதைத் துக்கம் என்று சுமந்துகொண்டிருந்தேன். "நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன்" என்று சொல்ல வந்தேன், இறந்தகாலம் குழம்பி ஏதோ தப்பாகச் சொன்னேன். அவர் திருத்தினார். மகள் சொன்னதுபோல் இல்லை, நன்றாகவே திருத்தினார். கூடவே, கிழங்கை இன்னும் சின்னதாக வெட்டச் சொன்னார். பெரிய துண்டுதான் ருசி என்றேன் நான். அடுப்பில் வைக்கிறவரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பிச் சில மாதங்களாகின்றன. மகளுக்கு இது ஏழாவது மாதம். பிரசவத்துக்கு முதலில் யார் அயர்லாந்து போவது, பிறகு யார் போவது என்று சம்பந்தியம்மாவும் நானும் நேராகவே பேசி முடித்துவிட்டோம். முடித்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். "ரெண்டு பேரும் சேந்து எனக்குத் தெரியாம பிளான் போடுதியளா?" என்று போனில் கத்தினாள். பின்னால் மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது.

என் கணவர் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கிறார், காலை வணக்கம் சொல்ல. சம்பந்தியம்மா எப்போது கூப்பிட்டாலும், அங்கே ராத்திரியாக இருந்தாலும், என் தோளுக்குமேல் தலையை நீட்டி அதைச் சொல்லிவிட்டுப் போவார்.