தென்காசியில் ஒரு ஹீட்டர்

தென்காசியில் கார் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏசியைத்தான் தப்பாகச் சொல்கிறேன் என்று முதலில் நினைப்பார்கள். இல்லை, ஹீட்டர்தான் என்று அழுத்திச் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்புறம் உள்ளே வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, "ஏலே, இங்கன வா. அக்காவுக்கு ஹீட்டர் வேணுமாம்" என்பார்கள். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நான் நிற்க வேண்டும். அப்படி இரண்டு ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறேன். அவர்கள் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய்.

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் பன்னிரண்டு தடவை என்றார்கள். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில். காரை நான்தான் ஓட்டினேன். நாற்பத்தெட்டு வயதில், ஆலங்குளத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அலுத்துப்போய், அவரிடம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மாணவர்களை விரட்டுவது போல என்னை விரட்டுவார். இப்போது அதே இடத்தில் பேசாமல் உட்கார்ந்து வந்தார். விரட்டினால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்தது.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றிய பிறகு நாலைந்து நாளைக்குக் குளிர்ச்சியாக எதுவும் உடம்பில் படக்கூடாது. எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் விரல் நுனியெல்லாம் முள் குத்துகிற மாதிரி இருக்குமாம். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். காற்று முகத்தில் பட்டாலே வலிக்கும். நாங்கள் இருப்பதோ, குளிர்ந்த காற்றுக்காகவே ஊர்ப்பட்ட சனம் வந்து இறங்குகிற இடத்தில். ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சீசன் எப்படி, சாரல் விழுகிறதா என்று மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுகிறது, விழுகிறது, ஓயாமல் விழுகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

மருந்து ஏற்றி முடித்துத் திரும்பும்போது ஆரியங்காவு தாண்டுவதற்குள் சாரல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியைத் திறந்தால் காற்று அவரைக் குத்தும். மூடினால் எங்கள் மூச்சிலேயே முன்கண்ணாடி மங்கி ரோடு தெரியாது. ஏசி போட்டால் மங்கல் போகும், ஆனால் ஏசியை அவர் எப்படித் தாங்குவார்? ஹீட்டர் ஒன்றுதான் வழி. குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தக் குமிழை யாரும் அந்தப் பக்கம் திருப்பியதில்லை. இரண்டு மணி நேரம் ஓடிய இன்ஜினிலிருந்து குளிர்ந்த காற்றுதான் வந்தது.

குரங்குக் குல்லாய், கம்பளிக் கையுறை, அதற்குமேல் போர்வை. அதற்குள்ளேயும் அவர் கை நடுங்கும். ஆறாவது தடவை புளியரை இறக்கத்தில் அழுதார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஏழாவது தடவை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், இறங்காமல் உட்கார்ந்தபடியே, "போதும்ட்டி. இதோட நிறுத்திருவோம்" என்றார். அலுப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். பாதியில் விட்டால் இதுவரை ஏற்றியதற்கே பலன் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஐந்து பாக்கி இருந்தது.

நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஹீட்டரையாவது சரி செய்யலாம் என்று தோன்றியது. அப்படித்தான் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைய ஆரம்பித்தேன்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் சிரித்து முடித்துவிட்டு ஹீட்டருக்குப் போகிற ட்யூப் அடைத்திருக்கிறது என்று கழற்றிக் கழுவினார்கள். காற்று அதே குளிர்தான். இரண்டாவது இடத்துக்குப் போவதற்குள் நானே ஒன்றைக் கவனித்திருந்தேன். டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற ஊசி, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கால்வாசிக்கு மேலே ஏறுவதில்லை. மலை ஏறும்போது கொஞ்சம் அசையும். புளியரை இறங்கும்போது மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதைச் சொன்னேன்.

"சூடாகலன்னா நல்லதுல்லாக்கா" என்றார் அவர். "எல்லாவனும் வண்டி சூடாவுதுன்னு வாரான், நீங்க சூடாகலன்னு வாரிய."

ஊசிதான் தப்பாகக் காட்டுகிறது என்று சென்சாரை மாற்றினார். புது சென்சாரும் பழையது காட்டிய இடத்தையே காட்டியது.

மூன்றாவது மெக்கானிக் செங்கோட்டை ரோட்டில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. காரணம் அவருக்குப் பல்வலி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வரச் சொன்னார். காலையில் பானட்டைத் திறந்து, ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டருக்கு மேல்பக்கமாகப் போகிற ரப்பர் ஓஸின் மேல் என் கையை வைக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் அப்படியே நின்றோம்.

"என்ன தெரியுது?" என்றார்.

"லேசா வெதுவெதுங்குது."

"இம்புட்டு சீக்கிரம் வெதுவெதுங்கக் கூடாதுக்கா. இன்ஜின் நல்லா சூடாகுத வரைக்கும் இது பச்சத்தண்ணியாத்தான் கெடக்கணும். தெர்மாஸ்டாட்டுன்னு ஒரு வால்வு உண்டு. அது தண்ணிய மறிச்சு வச்சு, சூடான பெறவுதான் ரேடியேட்டருக்கு விடும். உங்க வண்டில அது இல்ல. தண்ணி சூடானாத்தானே ஹீட்டர்ல சூடு வரும். யாரோ கழத்திட்டாவ."

"யாரு கழத்துவா?"

"இந்தப் பக்கத்துல எல்லா மெக்கானிக்கும் கழத்துவான். வெயிலுக்கு இது எதுக்குன்னு. நானே எத்தனையோ வண்டில கழத்திருக்கேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கொல்லம் போகும் வழியில் மலையில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பட்டுச்சேலையோடு நான் ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்த மெக்கானிக் வெடித்திருந்த ரப்பர் ஓஸை மாற்றினார், இனி சூடே ஆகாது என்று சொல்லிக் கூடவே எதையோ கழற்றி என் கணவர் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இவர் அந்தப் பெருமையைத்தான் பேசுவார். நாள் முழுக்க ஓட்டினாலும் என் வண்டி சூடாகாது என்று.

வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வண்டியில் வால்வே இல்லையாம், அன்றைக்கு மலையில் கழற்றியதுதானே என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"டிக்கில கெடக்கு" என்றார்.

"என்னது?"

"அந்த வால்வுதான். டூல்ஸ் பைக்குள்ள பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன்."

"அப்ப ஹீட்டர் ஏன் வரலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ குமிழத் திருப்புனியே, அன்னைக்கே தெரியும்."

நான் இத்தனை பேரிடம் சிரிப்பு வாங்கிக்கொண்டு அலைந்ததெல்லாம் தெரிந்தே படுத்திருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இன்னும் எத்தன ட்ரிப்புக்கு அது வேணும்ட்டி? எனக்குப் பெறவு அந்த வண்டில யாரு ஹீட்டர் போடப்போறா?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கை வந்தது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, மலை, அடுப்பு என்று நான் ஓடிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் ஏழு தடவையும் நடுங்கிக்கொண்டே, தன் கணக்கை முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வெளியே போய் டிக்கியைத் திறந்தேன். டூல்ஸ் பையின் அடியில் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். நாங்கள் போன வழியெல்லாம் கூடவே வந்திருக்கிறது.

அதைப் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு அடுப்பை ஏற்றினேன். பழையது கிடைத்தால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நல்ல வால்வு என்றால் கொதி வருகிற சமயம் திறக்கும் என்று பல்வலிக்காரர் சொல்லியிருந்தார். பாத்திரச் சத்தம் கேட்டு இவர் எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"பால் சட்டியிலயா போடுத?"

நான் திரும்பவில்லை. அவர் நகரவும் இல்லை. தண்ணீர் இரையத் தொடங்கி ஆவி கிளம்பியது. நடுவிலிருந்த சின்னத் தட்டு மெதுவாக எழும்பித் திறந்தது. அடுப்பை அணைத்தேன். ஆறியதும் மூடிக்கொண்டது. அவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஓஸ் வெடிச்சதுக்கு இது என்ன செய்யும், பாவம்."

மறுநாள் புது கேஸ்கட் வைத்து அதையே மாட்டிக் கொடுத்தார்கள். எட்டாவது தடவைக்கு வருவீர்களா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்றைக்கு விடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் ஓடவிட்டுவிட்டு, உள்ளே வந்து பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் அவர் போர்வையும் கையுமாக முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது வழக்கம்போலச் சாரல். ஆரியங்காவு தாண்டிப் புளியரை இறக்கத்தில் முன்கண்ணாடி தெளிவாக இருந்தது. அவர் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஊசி பாதிக்கு ஏறிட்டு" என்றார். ஆறு வருஷப் பயம் குரலில் இருந்தது.

"அதுதான் அதுக்க இடம். நிக்கட்டும்."

கொஞ்ச தூரம் போனதும் வலது கைக் கையுறையைக் கழற்றினார். காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் இடது கையுறையையும் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் எத்தன ட்ரிப்பு இருக்கு?" என்றார்.

"நாலு."

"ஐப்பசி மழைக்கு முன்ன முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

அவர் சீட்டில் சாய்ந்துகொண்டார். செங்கோட்டை வருவதற்குள் தூங்கிவிட்டார். எனக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்த்து வழிந்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே குற்றாலத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை என் பக்கத்துக் கண்ணாடியை நான் இறக்கவில்லை.