பதினான்காம் பாகத்தில் கிடைத்த மன்னிப்பு

மிசோரத்தின் மலைநகரமான ஐஸாலில் ஏழு மணிக்குள் எல்லா வீட்டிலும் சாப்பாடு முடிந்துவிடும். தார்தாங்கி தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, டிவி முன்னால் காலை நீட்டி உட்காருவாள். உள்ளூர் கேபிளில் கொரியத் தொடர், மிசோ மொழியில். மொத்தத் தொடருக்கும் குரல் கொடுப்பது நாலே பேர். அதனால் கதாநாயகி யோன்ஜூவும் அவள் மாமியாரும் ஒரே தொண்டையில்தான் சண்டை போடுவார்கள். அந்தத் தொண்டை தார்தாங்கியின் நாத்தனார் சோமியுடையது. வசனத்தை மிசோவில் எழுதுவதும் அவள்தான்.

"மாமியாரா பேசுறப்பதான்டி உன் நிஜக் குரல் வருது" என்பாள் தார்தாங்கி.

"உங்களைப் பாத்துதான் கத்துக்கிட்டேன் அண்ணி."

அடுத்து ஜப்பான் தொடர் ஒன்றும் வரும். அதில் யாரும் அழாமல், தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போவார்கள். அது தார்தாங்கிக்கு ஒத்துவராது. அவளுக்கு யோன்ஜூ வேண்டும். யோன்ஜூவின் கணவன் வேறொருத்தியோடு போனபோது தார்தாங்கி திரையின் மேல் தலையணையை விட்டெறிந்தாள். தார்தாங்கியின் கணவன் ஸுவாலா லுங்லே ஊரில் ஒருத்தியோடு போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

மார்ச் மாதம், திரும்பி வரட்டுமா என்று கேட்டு அவன் தங்கை சோமியிடம் சொல்லியனுப்பினான்.

"படியேறினா கத்தரிக்கோல்தான் பேசும்னு சொல்லிரு" என்றாள் தார்தாங்கி. சோமி அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினான்காம் பாகத்தில் பஸ் நிறுத்தத்தில் மழை. யோன்ஜூவின் கணவன் மண்டியிட்டான். அவள் வெகுநேரம் அவனைப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சோமியின் குரல் நடுங்கியது. "மன்னிச்சுட்டேன். வீட்டுக்கு வா. நீயில்லாத வீட்டுல என்னால சிரிக்க முடியல."

தார்தாங்கி வாய்விட்டு அழுதாள். இவ்வளவு பட்ட யோன்ஜூவாலேயே முடிகிறதென்றால் தன்னால் ஏன் முடியாது என்று இரவெல்லாம் யோசித்தாள். காலையில் படிகளில் இறங்கிக் கீழே இருக்கும் சோமி வீட்டுக்குப் போய், "வரச் சொல்லு" என்றாள். சோமி அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஸுவாலா ஒரு பையோடு வந்தான். தார்தாங்கி பன்றிக்கறி சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியதைச் சபையே திரும்பிப் பார்த்தது.

தொடரில்தான் ஏதோ இடித்தது. மன்னிக்கப்பட்ட கணவன் அதன்பிறகு திரையில் தலைகாட்டவே இல்லை. கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான் என்று யோன்ஜூ இரண்டுமுறை சொன்னாள். சொல்லும்போது அவள் உதடுகள் அசையவில்லை.

பத்தாவது நாள், பக்கத்து வீட்டுக் கிமி ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். டெல்லியில் படிக்கும் பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். இதே தொடரைக் கைப்பேசியில் கொரிய மொழியிலேயே, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே பார்த்து முடித்தவள்.

"கப்பலா? எந்தக் கப்பல் அத்தை? யோன்ஜூதான் அவனை வேணாம்னுட்டாளே."

"மழையில மன்னிச்சாளே!"

கிமி அந்தக் காட்சியைத் தேடிப் போட்டாள். அதே மழை, அதே கண்ணீர். கிமி மெதுவாகப் படித்துச் சொன்னாள். "உன்மேல எனக்குக் கோவம்கூட இல்ல. எழுந்து போ. என் பஸ் வந்துருச்சு."

யோன்ஜூ பஸ்ஸில் ஏறினாள். தார்தாங்கி பார்த்த பாகத்தில் பஸ்ஸே வரவில்லை. அதற்குமுன் விளம்பரம் வந்துவிட்டது.

அளவு நாடா கழுத்தில் கிடக்க, அவள் அப்படியே சோமி வீட்டுக்குப் போனாள். சோமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யோன்ஜூ அவனை மன்னிக்கவே இல்லையாமே."

சோமியின் கை கொடியிலேயே நின்றது. "எல்லாத் தொடர்லயும் கொஞ்சம் மாத்துவோம் அண்ணி. புத்த பிக்குவைப் போதகராக்கலையா? அதுக்கு மட்டும் சிரிச்சீங்க."

"அது ஊருக்காக மாத்துனது. இது?"

"அண்ணன் தினம் போன் பண்ணி அழுதான். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அவ சொன்னா கேப்பீங்க."

"அவளுக்காக எத்தனை நாள் அழுதிருக்கேன்? அவ வாயை எடுத்து என்னை ஏமாத்திருக்க."

"குடும்பம் சேந்துச்சில்ல? இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

தார்தாங்கி படியேறினாள். வீட்டில் ஸுவாலா உடைந்த ஜன்னல் கொண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். பத்து நாளில் அவன் நல்லவனாகத்தான் இருந்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

"உனக்குத் தெரியுமா?"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "வசனம் எழுதினதும் சோமி படிச்சுக் காட்டினா."

"நல்லா இருந்துச்சா?"

"தாரி..."

"சொல்லு. நல்லா இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"உன்னை நான் கூப்பிடல. கூப்பிட்டவ கீழ இருக்கா. பையை எடுத்துட்டு அங்க போ."

"பத்து நாளா சோறு போட்டியே, அதுவும் பொய்யா?"

"தெரியல" என்றாள் தார்தாங்கி. உண்மையாகவே தெரியவில்லை. யாரும் எதையும் மாற்றாமல் இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் தானாகவே அவனை வரச் சொல்லியிருப்பாளா? அதை யோசித்துப் பார்க்கும் உரிமையைத்தான் அண்ணனும் தங்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

அவன் பையோடு படிகளில் இறங்கினான். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அவள் கதவைச் சாத்திவிட்டிருந்தாள்.