முப்பத்தேழாவது ஆள்

எங்கள் சமையலறைச் சுவரில் ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதில் பிரியாணியைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவோம். சஹன் என்று பெயர். தெற்கிலிருந்து புதுப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அம்மா கொண்டுவந்தது. அதன் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. அது கண்ணில் படும்போதெல்லாம் டைம்கீப்பர் அண்ணாத்த நினைவுக்கு வருகிறார்.

எழுபதுகளில் கல்பாக்கத்தில் கட்டட வேலை மும்முரமாக நடந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டுவிட்டு, அத்தாவின் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தினமும் எங்கள் கடையில் சைக்கிள் எடுக்கும் அண்ணாத்த, அங்கே ஓர் ஒப்பந்தக்காரரிடம் டைம்கீப்பர். திருக்கழுக்குன்றம் பக்கம், பிறர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, சட்டைப்பையில் பேனாவோடு வேலைக்குப் போனவர். காலையில் வரும் ஆட்களைச் சமமான கூட்டங்களாகப் பிரிப்பது அவர் பொறுப்பு. இருபத்துநாலு பேர் வந்த நாளில் முகம் மலர்ந்திருக்கும். ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, எப்படிப் பிரித்தாலும் சமம். இருபத்தொன்பது பேர் வந்துவிட்டால் போச்சு.

"பகா எண் மச்சான், உசுர எடுக்குது" என்பார்.

"ஒருத்தன வூட்டுக்கு அனுப்பு அண்ணாத்த, பேஜாரு தீர்ந்துது."

"அனுப்பினா அவன் வூட்ல அடுப்பு எரியாதுடா."

எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தும் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. "இப்பத்தான் நாஸ்தா ஆச்சு" என்று நழுவிவிடுவார். சிறுவயதில் நிலக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் அவர் குடும்பத்துக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனி இலை என்று ஒருநாள், சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், எங்கோ பார்த்தபடி சொன்னார். நான் கேலி செய்யாமல் இருந்த நாள் அது ஒன்றுதான். அக்கா கல்யாணத்தில் அவரை எங்கள் தட்டில் உட்காரவைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணமும் வந்தது. முதல் பந்திக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாத்த மட்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அண்ணாத்த, வாய் முணுமுணுங்குது? துவாவா?"

"முப்பத்தாறு பேர் கீறாங்க. ஒம்போது தட்டு, தட்டுக்கு நாலு. அம்சமா கீது. என்னச் சேத்தா முப்பத்தேழு. ரெண்டால போவாது, மூணால போவாது, அஞ்சால போவாது. அதுக்கு மேல பாக்கவே வேணாம், ஏழேழு நாப்பத்தொம்போது, தாண்டிப்பூடும். பகா எண். எப்டிப் பிரிச்சாலும் ஒருத்தன் தனியா குந்தணும். நான் வரேன் மச்சான், சாப்ட்டுதான் வந்தேன்."

ஏதாவது ஒரு தட்டில் ஐந்தாவதாக நுழைந்திருக்கலாம். தனக்காக நாலு பேரை நெருங்கி உட்காரச் சொல்லும் மனிதர் இல்லை அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பெண் வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உட்கார வேண்டும். அது எங்கள் மரியாதை. நான் கரண்டியைப் பக்கத்தில் நின்றவனிடம் திணித்துவிட்டு உள்ளே ஓடி அம்மாவின் தட்டைத் தூக்கி வந்தேன். அவசரத்தில் அது வாசல்படியில் மோதி நசுங்கியது.

"என்னையும் கூட்டிக்கோ. இப்ப எவ்ளோ?"

"முப்பத்தெட்டு. ஆனா நீ பொண்ணு வூட்டுக்காரன்டா..."

"ரெண்டால போவுமா, போவாதா?"

"போவும்."

"அப்ப எவனும் தனியா குந்த வேணாம். குந்து."

"டேய், பரிமாற வுட்டா மொத ஆளா துண்ண குந்திட்டியா!" என்று அத்தா கத்திக்கொண்டே வந்தார். எதிரே இருப்பவரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இவன் ஒழுங்கா துண்ண விடமாட்டான் தம்பி, ஜாக்கிரதை" என்று சொல்லி, இரண்டு பெரிய கறித்துண்டுகளை எங்கள் நடுவில் வைத்தார்.

அண்ணாத்த தன் பக்கத்து ஓரத்திலிருந்தே கொறித்தார். கோடு கிழித்தது போல நடுவில் சோறு அப்படியே நின்றது. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கத்து முட்டையைக் களவாடினேன்.

"டேய், அது என்னுதுடா!" என்று அவர் கை கோட்டைத் தாண்டி என் பக்கம் நீண்டது.

இப்போது கல்யாணங்களில் ஆளுக்கொரு தட்டு. எத்தனை பேர் வந்தாலும் கணக்கு இடிப்பதில்லை. அவரவர் தனியாகவே சாப்பிட்டு எழுகிறோம். பெருநாளன்று மட்டும் அண்ணாத்த செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறார். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவதில்லை. நேராகப் போய்க் கை கழுவிவிட்டு, சுவரிலிருந்து தட்டை எடுத்து, நசுங்கல் தன் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.