மேசையும் கட்டிலும் ஒரே அறையில்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், மேசை அலுமாரிகளுக்கு நான் படம் வரையும் வேலை பார்த்த தளபாடத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே பிழைப்போம் என்று துணிந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஆளுக்கொரு கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பதென்று வெள்ளைக்காரர்கள் திண்டாடிய காலம். மாடிப்படிக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே என்று அவர்களுக்கு அலுவலக மேசை வரைந்து கொடுத்தேன்.

எங்கள் பிளேஸ்டோ வீட்டில் எனக்கு வாய்த்தது பொக்ஸ் ரூம். கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு சுவரில் மடக்கு மேசை செய்தேன். எதிர்ச் சுவரில் மடக்குக் கட்டில். கட்டில் மனைவியின் தம்பிக்கு. களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் மூலம் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டிருந்தான். ஒன்றை விரித்தால் மற்றதை விரிக்க முடியாது. பகலில் மேசை, இரவில் கட்டில். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி அன்றைக்கே கட்டிலை இறக்கிப் புது விரிப்புப் போட்டுவிட்டாள்.

"அவன் வந்த பிறகு விரிப்பமே?" என்றேன்.

"எந்த நேரம் வந்து நிப்பானோ தெரியாது. களைச்சு வாற பிள்ளை. மடக்காதேங்கோ."

வரும் வழியில் மொஸ்கோவிலிருந்து ஒருமுறை போனில் பேசினான். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு பனிக்காலம் போய் மற்றதும் வந்தது. ஊருக்கெல்லாம் மேசை வரைந்தவன் குசினியில் கறிச்சட்டிகளுக்கு நடுவே தாளை விரித்தேன். மஞ்சள் கறை பட்ட படத்தைப் பார்த்து விம்பிள்டன் வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளித்தார். பிறகு கூப்பிடவே இல்லை. எரிச்சலாக வந்தது. யார்மேல் எரிந்து விழுவது? யாருமே படுக்காத அந்த விரிப்பை அவள் சனிக்கிழமை தவறாமல் தோய்த்துக் காயவைத்துத் திரும்பவும் போட்டாள்.

ஒருநாள் மரக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். கட்டில் சுவரோடு மடங்கியிருந்தது. மேசையை விரித்து, தூசி துடைத்து, என் பென்சில்களைச் சீவி வைத்திருந்தாள். விரிப்பை மடியில் வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போன் வந்தது," என்றாள். "எல்லையில ஆத்தைக் கடக்கேக்க தண்ணியோட போயிட்டானாம். நீங்கள் இருந்து வேலையைச் செய்யுங்கோ."

எனக்கு அழக்கூட வரவில்லை. மேசையை மடக்கினேன், கட்டிலை இறக்கினேன், அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினேன். அந்தக் கட்டிலில் ஆள் பாரம் ஏறியது அன்றுதான் முதல் தடவை.